ஏழாம் எலியின் அறுபது வினாடி

திரையில் ஏழாம் எலி நீந்திக்கொண்டிருந்தது.

கூட்ட அறையின் விளக்குகளை அணைத்திருந்தார்கள். நல்லதாய்ப் போயிற்று. என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

வட்டமான தொட்டி. பால்பவுடர் கரைத்து வெள்ளையாக்கிய தண்ணீர். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரற்கடை கீழே சின்ன மேடை ஒன்று இருக்கும். எலியின் கண்ணுக்கு அது தெரியாது. முந்தைய நாட்களில் பழகிய நினைவை வைத்துத்தான் தேடிப் போய் ஏறி நிற்க வேண்டும். அறுபது வினாடி அவகாசம்.

மூளையில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் குறைந்தால் படித்தது மண்டையில் நிற்காது என்பது எங்கள் கணிப்பு. எட்டு எலிகளுக்கு ஊசி போட்டு அதைக் குறைத்தோம்.

எட்டும் கோட்டை விட்டன.

"எட்டுக்கு எட்டு!" என்று காலையிலிருந்து நான்கு தடவை சொல்லிவிட்டார் துறைத்தலைவி. என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேசையில்தான் இருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

திரையில் ஏழாம் எலி நேராக நீந்திப் போனது. வலப்பக்கம் ஓரிடத்தில் நின்றது. சுற்றியது. கொஞ்சம் விலகிப் போய், மறுபடி அதே இடத்துக்கு வந்து சுற்றியது.

"பாருங்க, திக்குத் தெரியாம தவிக்குது. பாவம், ஒண்ணுமே ஞாபகமில்ல," என்றார் தலைவி.

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. கூண்டுக்காரர். எலிகளுக்குத் தீனி போடுவதும் கூண்டு கழுவுவதும் அவர்தான். எல்லா எலியும் அவருக்கு மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை தவிக்கல மேடம். ஒரே இடத்தையே சுத்துறான் பாருங்க. வச்ச பொருளைக் காணோம்னு தேடுற மாதிரியில்ல இருக்கு?"

"உங்க மாப்பிள்ளையாச்சே, விட்டுக்கொடுப்பீங்களா!"

அறையே சிரித்தது. எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.

அவர் விடவில்லை. "சரி, நேரம் முடிஞ்சதும் சார் அவனைத் தூக்கி மேடையில உட்கார வச்சிருப்பாரே. அதையும் போடுங்க, பார்ப்போம்."

விதி அதுதான். தோற்ற எலியை நாமே தூக்கி மேடையில் உட்கார வைக்க வேண்டும். மேடை எங்கே இருக்கிறது என்று அது தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக.

"வீடியோ அதோட முடிஞ்சிடுச்சுண்ணே," என்றேன்.

முடியவில்லை. வெட்டியது நான்.

விளக்குகள் எரிந்தன. கைதட்டினார்கள். தலைவி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கூண்டுக்காரர் மட்டும் வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் எலியை மறுபடி நீந்தவிட்டுப் பார்க்க வழியில்லை. சோதனை முடிந்த அன்று மாலையே எட்டு மூளைகளையும் எடுத்து அளந்தாயிற்று. மற்ற ஏழு எலிகளைப் போலவே அதற்கும் அசிட்டைல்கோலின் அடிமட்டத்தில்தான் இருந்தது.

வெட்டிய துண்டு பதினைந்து வினாடிதான். இப்போதும் என் கணினியில் இருக்கிறது.

அதில் என் கை தொட்டிக்குள் இறங்கும். எலி சுற்றிக்கொண்டிருந்த அதே இடத்தில், முழங்கை வரை இறங்கித் துழாவும். இடப்பக்கம் துழாவும். வலப்பக்கம் துழாவும். பிறகு அப்படியே நின்றுவிடும்.

படத்தின் மூலையில், தொட்டிக்கு வெளியே, சுவரில் சாய்த்தபடி மேடை இருக்கும். முந்தின நாள் ஆறாம் எலியின் முறை முடிந்ததும் நான் கழுவிக் காய வைத்தது.

மற்ற ஏழும் தோற்றபோது மேடை தண்ணீருக்குள் இருந்தது. ஆகவே இதுவும் தோற்றதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, கையை விடும்வரை.

ஏழாம் எலி என் கையைப் பற்றி ஏறியது. சட்டைக் கைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்கியது.

அதை உதறாமல், இன்னொரு கையால் பதிவேட்டை இழுத்து எழுதினேன்: 'நினைவில்லை.'