பார்லி முறுக்கு

முறுக்கு அப்பாவின் வாய்க்குள் போய்விட்டது. இனி தடுக்க முடியாது. அகிலா கட்டில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"மொறுமொறுன்னு இருக்கு தாயி!" என்றார் மாயாண்டி. மகள் ஸ்காட்லாந்தில் மேல்படிப்பை முடித்துவிட்டு, ஊருக்குப் போகும் வழியில் துபாயில் இறங்கித் தன்னைப் பார்க்க வந்திருக்கிறாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பர் துபாய் ரூமில் கூட இருப்பவர்களையெல்லாம் வெளியே விரட்டிவிட்டு அவளை உட்கார வைத்திருந்தார்.

முறுக்கில் விஷமெல்லாம் இல்லை. அவள் படித்த படிப்பில்தான் விவகாரம். தண்ணீரையும் கரண்டையும் மிச்சம் பிடித்து, கழிவு மிஞ்சாமல் பீர் காய்ச்சுவது எப்படி என்று படித்தாள். வீட்டில் 'தானிய அறிவியல்' என்று சொல்லி வைத்திருந்தாள்.

சித்தப்பா ஒரு தீபாவளிக்குக் குடித்துவிட்டு வந்ததற்காக இன்றுவரை அவரோடு முகம் கொடுத்துப் பேசாத வீடு அது. இப்போது ஸ்காட்லாந்தில் ஒரு பீர் ஆலை அவளை வேலைக்குக் கூப்பிடுகிறது. அப்பா சரி என்றால்தான் போக முடியும். அவர் கோபித்துக்கொண்டால் வேலையும் போச்சு, அப்பாவும் போச்சு.

"இந்தா, மால்ட் ஜூஸ். போதை கீதை கிடையாது, பயப்படாம குடி" என்று டின்னை உடைத்தார். டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றி, கடைசியில் நிமிர்த்தினார். இரண்டு விரல் நுரை, ஒரு சொட்டு வழியாமல் நின்றது.

கல்லூரியில் இப்படி ஊற்றுவது கைக்கு வர அவள் பட்ட பாடு கொஞ்சமா? ஹோட்டல் ஸ்டோரில் அரிசி மூட்டை எண்ணுகிற அப்பாவுக்கு எப்படித்தான் வந்ததோ! அகிலாவுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"என்ன மாவு தாயி இது?"

"பார்லிப்பா. சாறு எடுத்த பிறகு மிஞ்சுற சக்கை. அதைத் தூக்கி எறியாம காயவச்சு அரைச்சு, அரிசி மாவோட கலந்து நானே சுட்டேன்."

"சக்கையே இம்புட்டு ருசியா!" இன்னொன்றை எடுத்தார். "அப்ப அந்தச் சாறு என்னாச்சு?"

அகிலா டம்ளரைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள். வேறு எதுவும் பார்க்கக் கிடைக்கவில்லை.

"பீர் ஆயிருச்சுப்பா."

மாயாண்டியின் கை பாதியில் நின்றது.

"பீரா? தானியம் படிக்கிறேன்னு சொன்னியே?"

"பார்லியும் தானியந்தானேப்பா..." அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மூச்சு விடாமல் ஆலை, வேலை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"ஐயோ! தெரிஞ்சா வெளக்கமாத்த எடுத்துரும்."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அகிலா கண்ணை மூடிக்கொண்டாள். அடி விழவில்லை, கறுக் மொறுக் என்று சத்தம்தான் கேட்டது.

"வேலைக்குப் போ தாயி. அம்மாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."

"நெசமாவாப்பா!" துள்ளி எழுந்ததில் மேல் கட்டிலில் தலை நங்கென்று இடித்தது. வலி தெரியவில்லை.

"நெசந்தான். ஆனா ஒண்ணு..." மாயாண்டி சாத்திய கதவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இங்க ஹோட்டல் பார்ல பீர் ஊத்துறத நீ அவகிட்ட சொல்லிப்புடாத!"