வால்பாறைக்குக் கடைசி வண்டி

அவர் இருபத்தேழாவது வளைவில் இருந்தார். அவள் காத்திருந்தாள்.

வெள்ளிங்கிரி. வால்பாறை மலைப்பாதையில் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகிறது. பொள்ளாச்சி வீட்டு முன்னறையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கண்களை மறைத்த வி.ஆர். ஹெட்செட்டுக்குள் இன்னமும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அந்த மலையை உள்ளே அமைத்தவள் அவள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து நாற்பது வளைவுகளையும் படம் பிடித்திருந்தாள். அதில் தெரியும் ஸ்டியரிங்கைப் பிடிக்க முயன்று முயன்று, அசையாத விரல்கள் மடங்க வேண்டும்; அதுதான் பயிற்சி.

மடங்கின. எட்டு மாதத்தில்.

திங்கட்கிழமை அவள் வேலை பார்க்கும் கோயம்புத்தூர் கம்பெனியை ஒரு பெரிய வெளிநாட்டு நிறுவனம் வாங்கிவிட்டது. முதலாளி மகுடபதி கேக் வெட்டினார். அவளுக்கும் ஊட்டினார்.

வாங்கியவர்களுக்கு வேண்டியது ஹெட்செட்டில் இருந்த, கண்ணசைவைப் படிக்கும் நுட்பம் மட்டும். வீடியோ விளையாட்டுகளுக்கு. நோயாளிகளிடம் இருக்கும் ஹெட்செட்டுகளை வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வாங்கிவிடச் சொன்னார்கள்.

இன்று வெள்ளி.

நாற்பதாவது வளைவு முடிந்ததும் அவரே கழற்றினார். நெற்றியெல்லாம் வேர்வை.

“எப்ப வந்தீங்க அம்மிணி? மேல ஒரே மழைங்க.”

கம்பெனி கைமாறியதைச் சொன்னாள்.

“பெரிய கம்பெனின்னா இன்னும் நல்லாத்தானுங்களே பண்ணுவாங்க?”

“நிறுத்தறாங்கய்யா.”

கொஞ்ச நேரம் ஹெட்செட்டின் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பெட்டிக்குள் வைத்தார்.

அவர் கையெழுத்திட வேண்டிய காகிதத்தை அவள் நீட்டினாள். அதில் இருந்தது: கருவியை ஒப்படைத்துவிட்டேன். இதுவரை பதிவான என் கை, கண் அசைவுகள் யாவும் புதிய நிறுவனத்துக்கே சொந்தம்.

கூடவே மைப்பெட்டி. அவர் எழுதுவது இடது கையால். பக்கவாதத்தில் விழுந்ததும் அந்தக் கைதான். எட்டு மாதத்துக்கு முன் கருவியை வாங்கியபோது ரேகைதான் வைத்தார்.

மைப்பெட்டியை ஒதுக்கினார்.

“பேனா குடுங்க.”

இரண்டு முறை நழுவி விழுந்தது. மூன்றாம் முறை விழவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, கோட்டைத் தாண்டி, பெயர் முழுதாக வந்து நின்றது.

சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி பாவாத்தாள் அப்படியே நின்றுவிட்டார். பிறகு ஈரக் கையைச் சேலையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்தார்.

“பக்கத்து வீட்டுல காட்டிட்டு வந்தர்றனுங்க அம்மிணி.”

பாவாத்தாளின் குரல் தெருவில் கேட்டது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு.

வெள்ளிங்கிரி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். காகிதம் வராமல் கிளம்ப முடியாது.