ஃபிரிட்ஜுக்குப் பேட்டரி பார்த்த கதை

தன் வேனில் மேகமலைக்குப் போய் இரண்டு நாள் தங்க வேண்டும் என்பது தணிகைவேலின் வெகுநாள் ஆசை. மனைவி ஷர்மிளாவோடு கடைக்குப் போய், வண்டியில் வைக்கும் குட்டி ஃபிரிட்ஜ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்குப் பேட்டரி பார்க்கும் வேலையை ஃபிரிட்ஜே எடுத்துக்கொண்டது.

முதல் பேட்டரி சட்டென்று சூடாகுமாம். இரண்டாவது ரொம்பக் குண்டாம். மூன்றாவது பேட்டரியோ இவர்களையே விசாரித்தது. "உள்ள என்னங்க வைப்பீங்க?"

"தண்ணி, பழம், அவ்வளவுதான்," என்றார் தணிகைவேல்.

"ஒரு தூக்கு இட்லி மாவும்," என்று போட்டு உடைத்தாள் ஷர்மிளா.

ஃபிரிட்ஜும் பேட்டரியும் குசுகுசுத்தன. கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டுக்கும் பிடிச்சிருக்காம் சார். ஆனா தனிக்குடித்தனம் கேக்குதுங்க."

சனிக்கிழமை அவை இரண்டையும் மட்டும் ஏற்றிக்கொண்டு வேன் தானாகவே மலையேறியது. வீட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்த தணிகைவேலுக்கு, பனிமூட்டத்தில் ஜோடியாக எடுத்த படம் வந்தது. கூடவே ஒரு செய்தி: "அடுத்த தடவை நீங்களும் வரலாம். மாவு மட்டும் வேணாம்."