அடிக்காத கை

கணவன் சேவியரின் அடி தாங்காமல்தான் ஜெசிந்தா அவனை அகிம்சை ஊசி முகாமுக்கு இழுத்துப்போனாள். கூடவே தானும் போட்டுக்கொண்டாள். ஊரில் போடாதவர் யாருமில்லை. மூன்று வருஷமாக வீட்டில் அடி என்ற பேச்சே இல்லை.

இன்று இரண்டு வயது மகள் ஷைனியின் தொண்டையில் வேர்க்கடலை சிக்கிக்கொண்டது. முதுகில் ஓங்கி அடித்தால் வெளியே வந்துவிடும். சேவியர் அவளைத் தொடைமேல் குப்புறப் போட்டான். ஓங்கிய கை பாதியில் தளர்ந்து, முதுகை மெல்லத் தடவிக்கொடுத்தது. ஜெசிந்தாவின் கையும் தடவத்தான் செய்தது. ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் தடவினார்கள்.

"அடிங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்கேன். அன்னைக்கு என்னைய அடிச்ச மாதிரி ஒரே ஒரு அடி," என்றாள் ஜெசிந்தா.

குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. சேவியரின் கை அப்போதும் தடவிக்கொண்டிருந்தது, தூங்கவைப்பதுபோல.