சாம்பலும் ஒரு சொட்டு மஞ்சளும்

"போதகர் படியேறிட்டாக! முதல்ல அந்தப் படத்தை மூடுங்க!" ஏஞ்சல் கட்டிலில் கிடந்த போர்வையை உருவி, சுவரோரம் சாய்த்திருந்த படத்தின் மேல் வீசினாள்.

"ஏன் இந்தப் பதறு பதறுற? அதுல யாரும் துணியில்லாமலா நிக்கிறாக?" என்றான் செல்வமணி.

"அப்படி இருந்தாக்கூட மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

போடி கடைவீதியில் செல்வமணிக்கு ஏலக்காய்க் கடை. கடைக்கு மேலே வீடு. மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஆறு மாதமாக ஏஞ்சல் படம் வரைகிறாள். அதில் ஆளும் இருக்காது, மரமும் இருக்காது. மனதில் இருப்பதை அப்படியே நிறமாகப் பூசுங்கள் என்று செல்போனில் பாடம் நடத்தும் டீச்சர் சொல்லியிருந்தாள். செல்வமணியின் கண்ணுக்கு எல்லாமே நனைந்த சாக்குதான்.

அவர்களுடைய கல்யாண நாளுக்கு ஜெபிக்க வந்திருந்தார் போதகர் ஜெபரத்தினம். காபி ஆடை கட்டிய பிறகுதான் ஆமென் வந்தது. வந்த வேகத்தில் செல்வமணி எழுந்து போர்வையை இழுத்துவிட்டான். "ஐயா, வீட்டுல வரைஞ்சது!"

மூன்றடி அகலத்துக்கு ஒரே சாம்பல். வலப்பக்கம் கீழ் மூலையில் மட்டும், ஒரு சொட்டு மஞ்சள்.

போதகர் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். "இதை நான் பாத்திருக்கேன்மா. அடிக்கடி பாத்திருக்கேன்."

"போடிமெட்டு ரோட்டுல, பனிக்காலத்துல பாத்திருப்பீக" என்றான் செல்வமணி.

"ரோட்டுல இல்லப்பா. இது மனுசனுக்கு உள்ள இருக்கறது. எப்பம்மா வரைஞ்சீக?"

"ஞாயித்துக்கிழமை… சர்ச் முடிஞ்சு வந்து" என்றாள் ஏஞ்சல்.

"கேட்டியா செல்வமணி! வர்ற வாரம் இதைச் சர்ச்சுல வைப்போம். அம்மா முன்னால நின்னு விளக்கம் சொல்லட்டும். சாம்பல் நம்ம பாவம், மஞ்சள் இரட்சிப்பு. சரிதானம்மா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஆனால் அது பொய். போன வருடம் செல்வமணி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பதினோரு நாளும் பஸ் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர். இவரிடம் பொய் சொல்வதா, இவர் மனதை நோகடிப்பதா? ஏஞ்சல் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஜெபித்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். சாம்பல் பூராவும் உங்க பிரசங்கம். ஒண்ணேகால் மணி நேரம். அந்த மஞ்சள் வந்து… 'முடிவாக'ன்னு ஒண்ணு சொல்வீகல்ல, அது."

செல்வமணியின் கையில் இருந்த முறுக்கு உடைந்து விழுந்தது.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எல்லாருக்குமே இப்படித்தானா?"

"அநேகமா ஐயா. சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கொஞ்சம் கறுப்பா இருக்கும்."

"உனக்கு எப்படி செல்வமணி?"

"சத்தியமா எனக்குத் தெரியாது ஐயா. நான் தூங்கிருவேன்."

ஏஞ்சலுக்கு அழுகை முட்டியது. "தங்கமான மனுசனை நோகடிக்கக் கூடாதுன்னுதான் ஐயா, எட்டு வருசமா யாரும் வாயைத் திறக்கல."

"மலையில இருந்து சனங்க ஜீப்பு பிடிச்சு வருதுக" என்றார் போதகர் மெதுவாக. "சுருக்கா முடிச்சா ஏமாந்து போயிருவாகன்னு, நானும்…"

எழுந்துபோய் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பேசுற எனக்கும் உள்ள இதே நிறந்தாம்மா."