தெருப்பக்கக் கதவு

அன்று இருந்தவர்கள் ஐந்து பேர்.

மாமனார் சவுரியப்பன் கயிற்றுக் கட்டிலில். அத்தை அவர் காலடியில், மடியில் முறம் வைத்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டு. கொழுந்தன் ராஜாமணி உரல் மேல். கொத்தனார் மாதையன், அறை வரப்போகிற இடத்திலேயே தரையில் குந்தியபடி. நான் அவர்களுக்கு எதிரே சமையல்கட்டு வாசற்படியில், முழங்காலில் பலகையும் அதன் மேல் காகிதமுமாக.

பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. ஈஸ்டருக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஈஸ்டர் கழிந்ததும் ராஜாமணிக்குக் கல்யாணம். அதற்குள் வீட்டோடு சேர்த்து ஓர் அறை இழுத்துக் கட்டியாக வேண்டும். அதற்குத்தான் கணக்கு.

யுத்த காலத்தில் காகிதம் கிடைப்பது பெரிய பாடாக இருந்தது. அரூரில் இருக்கும் என் அப்பாவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தின் பின்பக்கத்தில்தான் கணக்கை எழுதினேன். முன்பக்கத்தில் இரண்டே வரி. 'வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வாருங்கள். நான் புறப்படத் தயாராக இருக்கிறேன்.'

என் கணவர் காய்ச்சலில் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ராகிக் குதிர் இருக்கும் அறை எங்களுடையதாக இருந்தது, பிறகு என்னுடையதாயிற்று. புது மருமகள் வருகிற வீட்டில் நீ ஓர் அறையை அடைத்துக்கொண்டு இருப்பது அழகில்லை என்று அப்பா எழுதியிருந்தார். அரூர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் நிலையோடு சும்மா கிடக்கும் பழைய கதவை மாட்டி, கூடத்தில் ஒரு மூலையை எனக்கென்று மறைத்துத் தருவதாகவும் எழுதியிருந்தார்.

எனக்குப் போக மனமில்லை. இங்கேயே இருக்கட்டுமா என்று கேட்க வாயும் வரவில்லை.

கன்னியர் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதால், பட்டாளத்துக்குப் போனவர்களின் பெண்சாதிகள் கடிதம் எழுத என்னிடம்தான் வருவார்கள். மாட்டுத்தொட்டி ஓரமாக நின்றுகொண்டே சொல்லுவார்கள். வீட்டு ஆண்கள் குறுக்கே போய்வர, பாதிப் பேர் சுகம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் போய்விட்டால் அதுவும் இருக்காது.

மாதையன் சொல்லச் சொல்ல எழுதினேன். அஸ்திவாரத்துக்குக் கல், சுவருக்கு மண்கட்டி, சுண்ணாம்பு, பனை வாரை, நாட்டு ஓடு, ஆள் கூலி. சிமெண்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டும். அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

புளி விற்ற பணத்துக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. அப்போதுதான் மாமா, தெருப்பக்கச் சுவரிலும் ஒரு கதவு போடு என்றார்.

மாதையன் காதில் சொருகியிருந்த பீடியை எடுத்தார்.

“புதுப் பொண்ணு மாப்பிள்ளை இருக்கற ரூமுக்குத் தெருக்கதவு எதுக்குங்க? மாப்பிள்ளை சொல்லாம கொள்ளாம ஓடிப்போறதுக்குங்களா?”

அத்தை சிரித்த சிரிப்பில் முறத்திலிருந்த கொட்டை சிதறியது. மாமா சிரிக்கவில்லை. கதவு வேண்டும் என்றார் மறுபடியும்.

கூட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டு ரூபாய் துண்டு விழுந்தது. நிலையோடு ஒரு கதவின் விலை அது.

தெருக்கதவை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் மாமா என்று சொல்லி, பென்சிலால் அதன் மேல் ஒரு கோடும் இழுத்துவிட்டேன்.

“அதை அடிக்காதீங்க அண்ணி,” என்றான் ராஜாமணி. “பேண்டை எடுத்துடுங்க.”

அவன் கல்யாணத்துக்குச் சேலத்திலிருந்து வரவேண்டிய பேண்டு வாத்தியம் அது. அதற்கென்று இருபத்தைந்து ரூபாய் தனியாக வைத்திருந்தார்கள். பெண் பார்த்து வந்த நாளிலிருந்து அவன் வேறு எதைப் பற்றியும் பேசியதில்லை. இவன் பெண்ணைக் கட்டப்போகிறானா, கிளாரினெட்டைக் கட்டப்போகிறானா என்று அத்தையே ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

போயும் போயும் ஒரு கதவுக்காக இவன் ஏன் பேண்டை விடுகிறான் என்று எனக்கு விளங்கவில்லை. கணக்கின் கீழே ஓர் ஓரத்தில் 'பேண்டு இல்லை' என்று குறித்தேன்.

மாதையன் எழுந்து நூல் பிடித்தார். சன்னல் எந்த உயரத்தில் வரவேண்டும் என்று கேட்டார்.

மாமா என் பக்கம் கையைக் காட்டினார்.

“தெரசாவைக் கேளுப்பா. உக்காந்து எழுதப்போறவ அவதான். கடுதாசிக்கு வர்ற பொம்பளைங்க இன்னும் எத்தனை நாளைக்கு மாட்டுத்தொட்டிகிட்ட நிப்பாங்க? தெருவோட வந்து தெருவோட போகட்டும்.”

குதிர் அறை ராஜாமணிக்கும் அவன் பெண்சாதிக்கும் என்று, முறத்தைப் பார்த்துக்கொண்டே அத்தை சொன்னாள். அவர்கள் மூன்று பேருக்கும் இது முன்பே தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் நானும் மாதையனும்தான்.

உட்கார்ந்தால் தோள் மட்டத்துக்கு வரட்டும் என்றேன்.

மாதையன் என்னை எழுந்திருக்க வேண்டாம் என்றார். தள்ளி நின்றே ஒரு குச்சியை நட்டு, என் தோளுக்கு நேராக அதில் நகத்தால் கீறிக்கொண்டார்.

எல்லோரும் சாப்பிட எழுந்த பிறகு காகிதத்தைத் திருப்பினேன். வேறு காகிதம் இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி கொண்டு வாருங்கள் என்ற வரியை அப்படியே விட்டேன். அடுத்த வரியை அடித்துவிட்டு, அதன் கீழே எழுதினேன்.

'வரும்போது மாட்டுக்கொட்டகையில் இருக்கும் என் கதவை, நிலையோடு ஏற்றி வாருங்கள். இங்கே எனக்கு அறை கட்டுகிறார்கள்.'

பின்பக்கம் 'பேண்டு இல்லை' என்றிருந்ததில் 'இல்லை'யை மட்டும் அடித்தேன். அப்பா அந்தப் பக்கத்தையும் படிப்பார். படிக்கட்டும்.

உறையில் போட்டு, சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டி, ராஜாமணியிடம் கொடுத்தேன். பேண்டைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை கதவோடு வண்டி வந்து நிற்கும்போது அவனே தெரிந்துகொள்வான்.

உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மொரப்பூர் ஸ்டேஷன் தபால் பெட்டிக்கு அவன் சைக்கிளில் புறப்பட்டான்.