அலமாரிக்கு வேண்டிய ஆட்கள்

உலகத்தில் பொய் சொல்லாத ஒரே அலமாரி இளம்பரிதியுடையதுதான். இதை அவனே சொல்வான், சிரிக்காமல். காலையில் அரைநாள் சம்பளத்துக்கு அவன் வேலை பார்க்கும் ஆடிட்டர் கோதண்டத்தின் அலமாரி அப்படியல்ல. அதில் பாதி ஃபைல்கள் செத்துப்போனவர்களுடையவை. "எமதர்மன் கணக்கையும் நாமதான் பாக்கமா சார்?" என்று முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறான். அவர் ஃபைல்களைத் தூசி தட்டுவார்.

மதியத்துக்கு மேல் தன் சொந்த ஆடிட்டர் ஆபீஸைத் திறப்பான். ஆரம்பித்த மூன்றாம் வாரம்தான் முதல் ஆள் வந்தார், பெயின்ட் கடை மரியதாஸ். அவர் சேர்ந்தால் கடைத்தெருவே பின்னால் வரும். சேராவிட்டால் மாதக் கடைசியில் ஆபீஸைப் பூட்ட வேண்டியதுதான். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை அவர் பார்க்கவில்லை. அலமாரியைப் பார்த்தார்.

"என்ன தம்பி, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு? ஒருத்தரும் வாரதில்லையா?"

"நீங்கதான் அண்ணாச்சி முதல் ஆள்."

"அட போங்க, என்னை வச்சா தொழில் பழகப் போறீங்க? வெள்ளிக்கிழமை வந்து பாக்கேன்."

இளம்பரிதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து வருஷம் ராப்பகலாய்ப் படித்தவனைவிட இந்த ஊருக்கு அழுக்கு ஃபைல் அட்டைதான் பெரிதா? வியாழக்கிழமை வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே கேட்டான்.

வியாழன் மாலை நாற்பது பழுப்பு அட்டைகள் வாங்கிவந்து, பழைய செய்தித்தாள்களைத் திணித்து, நாடாவால் கட்டினான். முதல் அட்டையின் முதுகில், வரி கட்டும் அளவுக்கு ஒருநாளும் சம்பாதிக்காமலே இறந்துபோன அப்பாவின் பெயரை, இனிஷியலோடு, நிறுத்தி எழுதினான்.